சௌந்தரராஜன் சாரின் காதும் சந்தனம் பூசிய சென்சாரும்

ஹைதராபாத் நாச்சாரத்தில் நான் வேலை பார்த்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பழைய சென்சார் டேக்குகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டப் போகிறார்களாம். இப்போது அங்கே பராமரிப்புப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் திவ்யா போன் செய்தாள். "ஆன்ட்டி, ஃபர்ஸ்ட் செட் போட்டப்போ நீங்கதானே இருந்தீங்க? டிரெயினிங்ல வந்து கொஞ்ச நேரம் பேசுங்களேன்" என்றாள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்றேன். "ஷார்ட்டா எழுதுங்க ஆன்ட்டி" என்றாள். அது மட்டும் என்னால் முடியாத காரியம் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டாலே சொல்வார்.

நான் லாலாகுடா ரயில்வே காலனியில் பிறந்தவள். தாத்தா காலத்தில் ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். எங்கள் வீட்டுத் தமிழில் தெலுங்கும் உருதுவும் கலந்து கிடக்கும். மெட்ராஸ் சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் என்னைப் பேச வைத்துச் சிரிப்பார்கள். ஐ.டி.ஐ.யில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் படித்தேன். வகுப்பில் இரண்டே பெண்கள், இன்னொருத்தி கல்யாணமாகிப் போய்விட்டாள். அதற்கப்புறம் அங்கும் இங்கும் சில்லறை வேலைகள், பிறகு இந்தத் தொழிற்சாலை. என் படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. எனக்கு வேலை தெரிந்தது சௌந்தரராஜன் சாரிடம் சேர்ந்த பிறகு.

சார் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். பராமரிப்பு மேனேஜர். முப்பது வருஷம் ஹைதராபாத்தில் இருந்தும் தமிழில் ஊர் மண் உதிரவில்லை. துப்புரவு செய்யும் யாதம்மா முதல் ஜி.எம். வரை எல்லாரையும் "வாங்க, போங்க" என்பார். மெஷின்களை மட்டும் "வா, போ". ஏதாவது உடைந்தால் ஓடி வருவார், "யாருக்கும் அடி இல்லையே?" என்பது முதல் கேள்வி. "என்ன ஆச்சு?" என்பது இரண்டாவது. "யார் செஞ்சது?" என்ற மூன்றாவது கேள்வியை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அதனால் எங்கள் பிரிவில் யாரும் எதையும் மறைக்க மாட்டோம். மற்ற பிரிவுகளில் ஒரு போல்ட் தொலைந்தால்கூட ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவர் பெயர் பெற்றது காதால். காலை ஷிப்டில் மெஷின்கள் ஓடிச் சூடேறியதும் சுற்றுக்குக் கிளம்புவார். கையில் ஒரு முழ நீளத்துக்கு இரும்புக் கம்பி, அதன் ஒரு முனையில் மரக் குமிழ். மோட்டாரிலோ விசிறியிலோ சுழல்கிற தண்டைத் தாங்குவது பேரிங், குண்டுகள் கோத்த வளையம். அது உட்கார்ந்திருக்கும் இரும்புக் கூட்டின் மேல் கம்பியை ஊன்றி, குமிழைக் காதோடு அழுத்திக்கொள்வார். நல்ல பேரிங் அடுத்த வீட்டுக் கிரைண்டர் போல ஒரே சீராகக் கேட்கும். கெட ஆரம்பித்தால் அந்தக் கிரைண்டரில் ஒரு கல் விழுந்த மாதிரி இருக்கும். சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "இவளுக்கு இன்னும் ஒரு மாசம் தாங்கும்" என்பார், அல்லது "இவன ஞாயித்துக்கெழம பிரிச்சிருவோம்" என்பார். பிரித்துப் பார்த்தால் அவர் சொன்னபடிதான் இருக்கும். அந்தக் காதுக்காகவே, ஓய்வு வயது தாண்டியும் அவரை வருஷா வருஷம் நீட்டித்து வைத்திருந்தார் ஜி.எம்.

ஊரே சாஃப்ட்வேர், சாஃப்ட்வேர் என்று ஓடிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. மாதாப்பூர் பக்கமிருந்து ஒரு சின்னக் கம்பெனியின் ஆட்கள் ஒரு பெட்டியோடு வந்தார்கள். உள்ளே சோப்பு டப்பா அளவில் டேக்குகள். அடியில் காந்தம், உள்ளே பாட்டரி. பேரிங் பக்கத்தில் ஒட்டிவிட்டால் எவ்வளவு அதிர்கிறது, எவ்வளவு சூடு என்று அளந்து, வயர் இல்லாமலேயே தூணில் மாட்டிய ஒரு பெட்டிக்கு அனுப்பும். அங்கிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வரும். அதிர்வு கூடினால் திரையில் சிவப்பு விழும், ஜி.எம். போனுக்கும் எஸ்.எம்.எஸ். போகும். உடைந்த பிறகு ரிப்பேர் செய்யாமல், உடையும் முன்பே மாற்றிவிடலாம் என்றார்கள்.

காதை நம்பிப் பிழைக்கிற மனிதர் இவர்களைக் கேட்டுக்கே துரத்திவிடுவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். சார் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, மத்தியானம் வரை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். பிறகு அவரே ஜி.எம். அறைக்குப் போய் வாதாடினார். முதலில் புளோயர்கள், பாய்லர் விசிறி, கம்ப்ரசர்கள், இவற்றுக்கு மட்டும் சோதனையாகப் போட்டுப் பார்ப்பது என்று முடிவானது. திரையைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. எனக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் இவர் ஏன் இப்படிப் பறக்கிறார் என்று உள்ளே ஒரு குடைச்சல்.

ஒரு நாள் காலைச் சுற்றில் அவர் பின்னால் நின்றிருந்தேன். கம்பியைக் காதில் வைத்து, கண்ணை மூடி, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கம்பியின் கீழ் முனை பேரிங் கூட்டில் படவே இல்லை. பக்கத்துத் தகர மூடியில் சும்மா சாய்ந்திருந்தது. அது அவருக்குத் தெரியவும் இல்லை. நான் மெல்ல நகரப் பார்த்தேன். ஆனால் கண் திறந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

மத்தியானம் கேட்டுக்கு வெளியே டீக்கடைக்கு அழைத்துப் போனார். எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"பாத்துட்டீங்க, என்ன?"

"ஹவ் சார்" என்றேன். எங்கள் வீட்டில் ஆமாம் என்பதற்கு அதுதான் வார்த்தை.

"இடது காது போயி ரெண்டு வருசமாச்சு. வலது காது இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்கு. நீங்க பேசுறதே பாதி உங்க வாயப் பாத்துத்தான் வெளங்குது."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். காதுல மிசினு வச்சுக்கிடச் சொன்னாரு. காதுக்காவ வேலைக்கு வச்சிருக்க ஆளு காதுல மிசினோட வந்து நின்னா நல்லாவா இருக்கும்?"

"வீட்ல இருந்து ரெஸ்ட் எடுக்கலாம்ல சார். கைக்கு இவ்வளவு கஷ்டம்?" எதற்கு என்பது எங்கள் வாயில் 'கைக்கு' என்றுதான் வரும்.

"வீட்டுக்காரி போனதுக்கப்புறம் அங்க சொவருதான் என்கூடப் பேசணும். பேசுனாலும் எனக்குக் கேக்காது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டு வருஷமாகக் கேட்கவில்லை என்றால் எப்படி எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார் என்று கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "நம்ம ஆளுங்களுக்கு மறதி ஜாஸ்தி. கிரீஸ் கன்ன எங்க அடிச்சாங்களோ அங்கயே போட்டுட்டு வந்துருவாங்க. ஒரு மெசினு மேல கன் கெடந்தா, யாரோ அங்க சத்தம் கேட்டு கிரீஸ் அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். நான் போயி கம்பிய வச்சு, இவளுக்கு ஒடம்பு சரியில்லன்னுருவேன். இது எத்தன நாளைக்கு ஓடும்? அதான் இந்த டேக்க விடக் கூடாதுன்னு நின்னேன். என் காது போனாப் போவட்டும் ஸ்டெல்லாம்மா, மெசினு போவக் கூடாது."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவரிடம் சொன்னேன். அன்று வீட்டுக்குப் போய் ஜெபம் செய்யும்போது அவர் பெயரையும் சேர்த்துக்கொண்டேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது. எங்கள் தொழிற்சாலையில் அன்று எல்லாமே நிற்கும். மெஷின்களைக் கழுவிப் பொட்டு வைத்து மாலை போட்டு, அம்மன் படத்துக்கு முன்னால் ஸ்பேனர், சுத்தியல், மீட்டர் என்று அவரவர் கருவிகளை அடுக்குவோம். நான் கிறிஸ்தவப் பெண், என்றாலும் என் மல்டிமீட்டரும் வருஷா வருஷம் அங்கே போய் உட்காரும். சுண்டலுக்கு மதம் கிடையாது என்று ஃபிட்டர் சலீம் சொல்வார், அவர் ஸ்பேனரும் அங்கேதான் இருக்கும். அந்த வருஷம் சார் சொன்னார், "டேக்கும் நம்மளோட வேல பாக்குதுல்லா? அதுகளையும் எடுத்தாந்து வைங்க."

ஃபிட்டர் யாதகிரி எல்லா டேக்குகளையும் மெஷின்களிலிருந்து பிடுங்கி ஒரு தாம்பாளத்தில் கொண்டுவந்தார். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சின்ன ஸ்டிக்கரில் நம்பர் இருக்கும். வழவழப்பாக இருந்த அந்த இடம்தான் பொட்டு வைக்கத் தோதாக இருந்தது. நம்பர் மேலேயே சந்தனம், குங்குமம் எல்லாம் ஏறியது. ஒரு டேக் குத்துவிளக்குக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்ததில் சூடாகி, கம்ப்ரசர் கொதிக்கிறது என்று மாமியார் வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜி.எம்.முக்கு எஸ்.எம்.எஸ். போய்விட்டது. பதறிப்போய் என்னைக் கூப்பிட்டார். பூட்டிக் கிடக்கிற கம்ப்ரசர் எப்படிக் கொதிக்கும் என்று விளக்கிச் சொல்லி அவரையும் சிரிக்க வைத்தோம்.

பூஜை முடிந்து நான் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். மற்றவர்கள் டேக்குகளைப் பெயின்ட் தின்னர் தொட்ட துணியால் பளபளவென்று துடைத்தார்கள். சந்தனத்தோடு நம்பரும் போய்விட்டது. கொத்தாக எடுத்துப் போய்க் காலியாக இருந்த இடத்திலெல்லாம் ஒட்டினார்கள். பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன? எந்த ஸ்பேனரை எந்த ஆணியில் மாட்டினால் என்ன என்பது போலத்தான் அவர்களுக்கு அது. கம்ப்யூட்டருக்கு மெஷினைத் தெரியாது, டேக் நம்பரை மட்டும்தான் தெரியும் என்பது அன்று யாருக்கும் தோன்றவில்லை.

சில நாள் கழித்து இரண்டாம் புளோயருக்குத் திரையில் சிவப்பு விழுந்தது. வெட்டிய காகிதத் துண்டுகளை உறிஞ்சுகிற பெரிய விசிறி அது. சார் திரையைக் காட்டி ஜி.எம்.மிடம் பெருமையாகப் பேசினார். புளோயரை நிறுத்தினால் மொத்த லைனும் நிற்கும். லைன் நின்றால் நீராவிக்கு வேலையில்லை, பாய்லரையும் அணைத்துவிடுவோம். அப்படி எல்லாவற்றையும் நிறுத்திப் பிரித்தால் பேரிங் புத்தம் புதிதாக மின்னியது. மூடி ஓட்டினோம். திரும்பவும் சிவப்பு. அனுப்ப வேண்டிய பெட்டிகள் தேங்கிப்போய், விற்பனைப் பிரிவுக்காரர்கள் ஜி.எம். தலையைத் தின்றார்கள்.

மறுநாள் காலை ஜி.எம். தளத்துக்கு வந்தார். நல்ல மனிதர், ஆனால் பொறுமை கொஞ்சம் கம்மி. எங்கள் எல்லாரையும் கூட்டி வைத்துக்கொண்டு தெலுங்கில் படபடவென்று பேசினார். இந்த டப்பாக்களை இன்றே கழற்றித் திருப்பி அனுப்புங்கள், நமக்குச் சாரின் காது போதும், சார் இப்போதே கம்பி வைத்துக் கேட்டுச் சொல்லட்டும் என்றார். சார் என்னைப் பார்த்தார். நான் அவருக்கு நேராக நின்று மெதுவாகத் திரும்பச் சொன்னேன். ஜி.எம். சொன்னது பாராட்டு. அதைக் கேட்ட சாரின் முகம் வெளுத்துப்போனது.

கம்பியை எடுத்தார். எல்லாரும் வழி விட்டார்கள். புளோயர் மேல் ஊன்றிக் குமிழைக் காதில் வைத்தார். கண்ணை மூடவில்லை. அவர் பார்வை ஒவ்வொரு மெஷினாகத் தடவிக்கொண்டு போனது. எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். அன்று எந்த மெஷின் மேலும் கிரீஸ் கன் இல்லை. மாதாவே, இந்த மனிதரைக் காப்பாற்று என்று உள்ளுக்குள் அரற்றிக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டேக்குகள் ஊர் போய்ச் சேரும், அவர் வேலை நிலைக்கும், நானும் வாயைத் திறக்க மாட்டேன். அவருக்கு அதெல்லாம் தெரியாமலா இருக்கும்? கம்பியைக் கீழே இறக்கினார். லைனை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். இரைச்சல் அடங்கும் வரை காத்திருந்தார். பிறகு ஜி.எம்.மைப் பார்த்துப் பேசினார். தெலுங்கில் சொன்னதை அவர் தமிழிலேயே தருகிறேன்.

"எனக்குக் காது கேக்காது சார். ரெண்டு வருசமாச்சு. இந்த மெசினு நல்லாருக்குன்னு நான் சொன்னா அது பொய்யி. டேக்கு பொய் சொல்லுதுன்னும் எனக்குத் தோணல. அது எதையோ கண்டுதான் கத்துது. என்னன்னு தெரியாம ஓட்டுனா யாருக்காவது கை போவும், கால் போவும். என்னைய அனுப்பணும்னா அனுப்பிருங்க. அதுக்கு முன்னாடி அது என்னன்னு மட்டும் பாத்துக்கிடுதேன்."

யாதகிரிதான் முன்னால் வந்தார். சாருக்கு நேர் எதிரே வந்து நின்று, "மாலும் சார். சப்கோ மாலும்" என்றார். தெரியும் சார், எல்லாருக்கும் தெரியும்.

சார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். யாதகிரி ஹிந்தியிலும் தெலுங்கிலுமாகச் சொல்லி முடித்தார். முன்பு ஒரு நாள் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வந்து ஹார்ன் அடித்தபோது சார் திரும்பவே இல்லையாம். அன்றே புரிந்துகொண்டார்களாம். அதன் பிறகு தினமும் சார் சுற்றுக்கு வருவதற்கு முன்னால், யாதகிரியும் சலீமும் நீளமான ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்துக்கொண்டு எல்லா மெஷின்களையும் கேட்டுவிடுவார்கள். சந்தேகமான மெஷின் மேல் கிரீஸ் கன்னை வைத்துவிட்டு வருவார்கள். மறதிக்காரர்கள் என்று சார் கடிந்துகொள்ளும்போது தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். டேக் வந்த பிறகு, இனி சாருக்கு நாம் தேவையில்லை என்று விட்டுவிட்டார்களாம்.

அந்த ரகசியத்தை நான் ஒருத்திதான் சுமக்கிறேன் என்று இருந்தேனே, ஒரு பிரிவே சேர்ந்து சுமந்திருக்கிறது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடியவே இல்லை. ஜி.எம். தன் அறைக்குப் போய்விட்டார்.

பிறகு சார் நிமிர்ந்து, "ஒண்ணொண்ணா ஓட்டுங்க. ஸ்டெல்லாம்மா, நீங்க திரையப் பாத்துச் சொல்லுங்க" என்றார். முதலில் இரண்டாம் புளோயரை மட்டும் ஓட்டினார்கள். திரையில் இரண்டாம் புளோயர் அசையாமல் கிடந்தது, அணைத்து வைத்திருந்த பாய்லர் விசிறி துள்ளிக்கொண்டிருந்தது. ஓடிப் போய் டேக்கைப் பிடுங்கி முதுகைப் பார்த்தேன். நம்பர் இல்லை, ஓரத்தில் மட்டும் துளி சந்தனம் காய்ந்திருந்தது. டேக் சொன்னது முழுக்க உண்மை, அது உட்கார்ந்திருந்த இடம்தான் தப்பு.

அடுத்து பாய்லர் விசிறியை மட்டும் ஓட்டினார்கள், திரையில் இரண்டாம் புளோயருக்குச் சிவப்பு விழுந்தது. உடனே நிறுத்தி விசிறியைப் பிரித்தார்கள். பேரிங்கின் கூண்டு உடைந்து குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அந்த விசிறிக்கு ஒட்டினாற்போலத்தான் பாய்லர்காரரின் ஸ்டூல் இருக்கும். யாதகிரி உடைந்த துண்டுகளைச் சாரின் உள்ளங்கையில் வைத்தார். "சவம், இதுவா இம்புட்டு நாளும் கத்திக்கிட்டுக் கெடந்துச்சு" என்றார் சார்.

அன்று மாலையே அவர் தன் மேஜையைக் காலி செய்தார். "நாளைக்கு வந்து எல்லாருட்டயும் சொல்லிட்டுப் போயிருதேன்" என்றார். காதை நம்பி வைத்திருந்த ஆளை, காது இல்லை என்று தெரிந்த பிறகு எந்தக் கம்பெனி வைத்துக்கொள்ளும்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஏ.எஸ்.ராவ் நகர் பஸ்ஸில் அவர் பையோடு ஏறுவதைப் பார்த்துவிட்டு, என் பஸ் ஹப்சிகுடா வரும் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

மறுநாள் அவர் வந்தபோது ஜி.எம். தளத்தில் நின்றிருந்தார். அட்டைத் தூசி அவருக்கு ஆகாது. எங்கள் பக்கம் வந்தால் மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க்கை அவர் கழற்றி நான் பார்த்ததில்லை. அன்று சாருக்கு நேரே வந்து நின்று, மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டார். ஒவ்வொரு சொல்லாக, உதடு தெரியும்படி, தெலுங்கில் பேசினார். முழுத் தொழிற்சாலைக்கும் டேக் வாங்கப் போகிறோம். எந்த மெஷினுக்கு முதலில், எந்த இடத்தில் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். காதை நான் வேறு வழியில் வாங்கிக்கொள்வேன், நேற்று நீங்கள் பேசிய மாதிரிப் பேசுகிற ஆளை எங்கே வாங்குவது? நீங்கள் எனக்கு வேண்டும் சார்.

"மொதல்ல நம்பர பெயின்ட்ல எழுதணும்" என்றார் சார், தெலுங்கிலேயே. ஜி.எம். சிரித்துவிட்டு, இரண்டு தும்மல் போட்டு, மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு போனார்.

சார் என் பக்கம் திரும்பினார்.

"ஸ்டெல்லாம்மா, அவரு என்ன சொன்னாரு?"

பதிலே சொல்லிவிட்ட மனிதர். ஒரு வார்த்தை விடாமல் புரிந்திருந்தது அவருக்கு. நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன்.

"கடைசியா ஏதோ சொன்னாரே?"

"நீங்க வேணும்னு சொன்னாரு சார்."

"சரியாக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க."

சத்தமாகச் சொன்னேன்.